தட்டியது கேட்டதா?

நம்பச் சொல்லி யார் காலிலும் விழப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். நடந்த இடம் ஸ்ரீரங்கம், மேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடி. நேரம் நடுராத்திரி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பட்டப்பகல். மதியம் இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குத் தொடங்கி, இரண்டு நாற்பதுக்கு முடிந்துவிட்டது. வெயில் அடிக்கிறதே, இனி என்ன பயம் என்று இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சம்பந்தப்பட்டவள் பெயர் மட்டுவார்குழலி. வயது ஐம்பத்தாறு. தெருவுக்கெல்லாம் குழலி. பயந்த சுபாவம் கிடையாது. கீழ் வீட்டில் பாம்பு புகுந்தபோது துடைப்பத்தோடு முதலில் இறங்கி ஓடியவள் அவள்தான். இதைச் சொல்லும்போது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. என் தப்பை மட்டும் பூசி மெழுகிவிடாதீர்கள் என்றாள். மெழுகவில்லை.

அவள் கணவர் ஜெயக்குமார் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் நிஷா, கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஐந்து நாளும் ஜெயக்குமார் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கில் பேசிப் பதிவு செய்தார். நாளுக்கு ஒன்றாக ஐந்து பதிவு. எல்லாம் நிஷாவுக்கு. நாளைக்கு அவளுக்குப் பிள்ளை பிறந்தால் தாத்தா குரல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டாமா என்றார். எதையும் அரைகுறையாகச் செய்கிற மனிதர் இல்லை. பதிவுகளை டி டிரைவில் போட்டு, அந்த டிரைவுக்கே பூட்டும் போட்டார். இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் அது தானாகத் திறந்துகொள்ளும். வேறு யாராவது கைவைத்தால் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு மறந்துபோனால் நாற்பத்தெட்டு இலக்கம் கொண்ட ஒரு எண் இருக்கிறது, அதை அச்செடுத்துப் பத்திரமாக வையுங்கள் என்று கம்ப்யூட்டர் சொன்னது. அச்செடுத்தார்.

அந்தத் தாளை எங்கே வைத்தார்? பீரோ நடுத்தட்டில், விரித்திருந்த நியூஸ் பேப்பருக்கு அடியில். நம் வீடுகளில் ஜாதகமும் பத்திர ஜெராக்சும் போகிற இடம் அதுதானே. அந்த பேப்பரை மாற்றுகிற நாள் ஒன்று உண்டு என்பதை மனிதர் யோசிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் வீட்டில் அவர் குரல் இல்லை. மோதிரம்தான் குரல். கட்டில் கம்பியிலோ ஜன்னல் கம்பியிலோ மோதிரத்தால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ‘சரி’. இரண்டு என்றால் தண்ணீர். மூன்றும் மூன்றும் என்றால் உடனே வா.

முதல் மாதம் குழலி ஓடினாள். இரண்டாம் மாதம் நடந்தாள். பிறகு பிறகு… கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டாள். குக்கர் சத்தம், டிவி சத்தம், குழாய்ச் சத்தம் எல்லாம் அவளுக்குத் துணை. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது புரியும். புரிந்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள்.

போகி வந்தது. விடியற்காலை ஐந்து நாற்பத்திரண்டு. பீரோவில் இருந்த பழைய பேப்பரையெல்லாம் ஒரு அள்ளாக அள்ளிக்கொண்டு குழலி கீழே வந்தாள். கீழ் வீட்டு ரெங்கம்மாள் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே பழைய பாயை எரித்துக்கொண்டிருந்தாள். குழலி பேப்பர்களைப் போட்டாள். நடுவில் ஒரு வெள்ளைத் தாள் நழுவியது. வரிசையாக எண்கள். ஏதோ பழைய ரசீது என்று நினைத்தாள்.

அப்போது மாடி ஜன்னல் கம்பியில் சத்தம்.

டிக் டிக் டிக்… டிக் டிக் டிக்.

மேலே யாரோ தட்டுகிறார்களே என்று ரெங்கம்மாள்கூடச் சொன்னாள்.

“அவருக்கு வேற வேலை என்ன” என்று சொல்லிவிட்டு, குழலி அந்த வெள்ளைத் தாளைக் குச்சியால் நெருப்புக்குள் தள்ளினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேலே போனபோது, தட்டிச் சொல்ல முடியாததை எழுத வைத்திருந்த சிலேட்டில் அவர் ஏதோ எழுதி நீட்டினார். மூக்குக்கண்ணாடி இல்லை, அப்புறம் பார்க்கிறேன் என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஜெயக்குமார் இறந்துபோனார். சிலேட்டை யாரோ துடைத்துவிட்டார்கள். மோதிரத்தை நிஷா தன் விரலுக்கு ஏற்றபடி சின்னதாக்கிப் போட்டுக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டாள். அப்பாவின் பதிவுகளை இப்போது கேட்க மனசு வரவில்லை, அடுத்த தடவை வந்து அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்திரையில்தான் வினை வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் மூலையில் ஒரு பெட்டி முளைக்கும். உங்கள் சாவியைப் பத்திரப்படுத்தினீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்கும். குழலி அதன் தலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடிவிடுவாள். ஒருநாள் அதோடு இன்னொரு பெட்டி வந்தது. தானாகத் திறப்பதை நிறுத்தவா, வேண்டாமா, பிறகு கேட்கவா என்று ஏதேதோ இருந்தது. தொல்லை விட்டால் சரி என்று கைக்கு வந்ததை அமுக்கினாள். மறுநாள் டி டிரைவின் மேல் பூட்டுப் படம் தொங்கியது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நஸ்ருல்லாவை வரச் சொன்னாள். ஐம்பது வயது மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். பார்த்தார். பாஸ்வேர்டு வேண்டும், இல்லாவிட்டால் நாற்பத்தெட்டு எண் உள்ள தாள் வேண்டும், ரெண்டும் இல்லையென்றால் போட்டவரே வந்தாலும் கஷ்டம் என்றார். தாளை எங்கே வைப்பார் உங்கள் வீட்டுக்காரர் என்று கேட்டார்.

குழலி பீரோவைத் திறந்தாள். நடுத்தட்டில் புதுப் பேப்பர். அதைத் தூக்கும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளைத் தாள். எண்கள். ஜன்னல் கம்பி.

இங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று ராத்திரி நிஷா போனில் கேட்டபோது குழலி சொன்னது இது: “அந்த பாய் வந்து என்னமோ பண்ணாரும்மா. அதுக்கப்புறம்தான் பூட்டிக்கிச்சு.”

நிஷா நஸ்ருல்லாவைப் போனில் கிழித்துத் தொங்கவிட்டாள். என் அப்பாவின் குரலை அழித்த ஆள் என்று அவர் கடைப் பெயருக்குக் கீழே இணையத்தில் எழுதினாள். ஊரே படித்தது. மூன்று மாதத்தில் அவர் கடைக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள் என்று ரெங்கம்மாள் மகன் வந்து சொன்னான். குழலிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை.

நஸ்ருல்லாவோ, தான் தொடுவதற்கு முன்பே அது பூட்டிக் கிடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை தானாகவே வந்தார். இன்னொரு வழி இருக்கிறதா பார்க்கிறேன், காசு வேண்டாம் என்றார். குழலியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சமையல்கட்டுக்குள் போய் மிக்சியைப் போட்டுவிட்டாள். அரை மணி நேரம் கழித்து வாசலில் நின்று அவர் ஏதோ சொன்னார். காதில் விழாத மாதிரியே நின்றாள். அவர் போய்விட்டார்.

புதன்கிழமை மாலை நிஷா வருகிறாள். நாலு மாதக் கர்ப்பம். வந்ததும் முதல் வேலை அந்த ஆளைப் போலீசில் நிறுத்துவதுதான் என்று சொல்லியிருந்தாள்.

புதன். மதியம் 2:07.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று குழலி கம்ப்யூட்டரைப் போட்டாள். ஆடிக்காற்று ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது.

முதலில் ஒன்று உறுத்தியது. வழக்கமாக மாவுமில் மாதிரி இரைகிற பெட்டி. இன்று சத்தமே இல்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

அடுத்தது. யார் என்று கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. நேரே, ஜெயக்குமார் எடுத்துத் திரையில் வைத்திருந்த கல்லணைப் படம் வந்து நின்றது.

2:11. நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. மூன்று மாதமாகப் பார்க்கிற அதே பூட்டுப் படம். ஆனால் எழுத்து ஆங்கிலத்தில் இல்லை. தமிழில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் ஒருநாளும் தமிழ் போட்டதில்லை.

‘தட்டியது கேட்டதா?’

கீழே இரண்டு பட்டன். ஆம். இல்லை.

குழலி திரைக்குக் கிட்டக் குனிந்து மறுபடி படித்தாள். வைரஸ் என்பார்களே, அதுவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வழக்கம்போல மூலையில் பெருக்கல் குறியைத் தேடினாள். இல்லை. இந்தப் பெட்டிக்கு மூடுகிற வழியே இல்லை.

2:15. ‘இல்லை’யை அமுக்கினாள்.

பெட்டி போனது. திரும்ப வந்தது.

‘தட்டியது கேட்டதா?’

பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று எழுந்தாள். அப்போதுதான் மேஜைமேல் அவருடைய மைக்கைப் பார்த்தாள். ஒரு வருடமாகத் தூசி படிந்து கிடக்கும் மைக். அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

2:22. மறுபடியும் ‘இல்லை’.

ஜன்னல் கம்பியில்…

டிக் டிக் டிக். டிக் டிக் டிக்.

காற்று என்று நினைத்தாள். காற்று எண்ணித் தட்டாது.

அந்த மோதிரம் நிஷா விரலில் இருக்கிறது. நிஷா விமானத்தில் இருக்கிறாள்.

டிக் டிக் டிக். டிக் டிக் டிக்.

டிவியைப் போடலாம். குழாயைத் திறக்கலாம். மிக்சியைப் போடலாம். அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் நினைவுக்கு வந்தது. அதை நினைத்த நொடியில்தான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. உயிரோடு இருந்தபோது செய்த அதே வேலை.

ஜன்னலைத் திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் இல்லை.

2:31.

‘ஆம்’ என்பதை அமுக்கினாள்.

வாய்விட்டும் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்பது கடைசியில் வரும்.

தட்டல் நின்றது.

பெட்டி மாறியது. எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஆறு இடம்.

எண்கள் விழத் தொடங்கின. ஒன்று… இன்னொன்று… கீபோர்டை யாரும் தொடவில்லை. வெல்டிங் வேலைக்காரர் ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்குவாரே, அந்த வேகம்.

குழலி சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தாள். அதன் பின்பக்கம் எழுதினாள். ஒன்றைக்கூட விடவில்லை.

நாற்பத்தெட்டு.

2:40. திரை அணைந்தது.

பயம் தெளிந்ததும் முதலில் வந்த நினைப்பு எது தெரியுமா? பீரோவுக்கு அடியில் தாள் கிடைத்தது என்று சொல்லிவிடலாம், போகி விஷயம் யாருக்கும் தெரியவே வேண்டாம். செத்துப்போன மனிதர் வந்து கம்பியைத் தட்டிவிட்டுப் போன பிறகும் புத்தி அங்கேதான் போனது. இதை அவளே சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஐந்து இருபதுக்கு நிஷா வந்தாள். குழலி பொய்யைச் சொல்லிக் காலண்டர் தாளை நீட்டினாள். தாள் மக்கிப்போயிருந்தது, அதனால் பார்த்து எழுதிவைத்தேன் என்றாள். நிஷா செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு ஆங்கில வரி. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

“இத யாராவது வந்து தொட்டாங்களாம்மா?”

திங்கட்கிழமை நஸ்ருல்லா வந்தார் என்று குழலி சொல்ல வேண்டியதாயிற்று. நிஷா அம்மாவை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. நீ சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று குழலியின் மனசு அடித்துக்கொண்டது. ஆற்றில் இரண்டு கரையும் முட்டத் தண்ணீர் ஓடியது. பாலம் முடிந்துவிட்டது. சொல்லவில்லை.

கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நிஷா வெடித்தாள். இருந்ததையும் கெடுத்துவிட்டீர்கள், இப்போது கம்ப்யூட்டரே எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று கத்தினாள். நஸ்ருல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து வைத்தார். அதன்மேல் ‘ஸ்ரீரங்கம் அம்மா, திங்கள்’ என்று எழுதியிருந்தது.

“ஹார்ட் டிஸ்க் இங்க இருக்கும்மா. திங்கக்கிழமையே கழட்டிட்டு வந்துட்டேன். டிஸ்க் இல்லாம கம்ப்யூட்டர்ல எதுவும் வராது. வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தானே வந்தேன், நீங்க கேக்கலையா?”

குழலி பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லணைப் படம்… பெட்டி… நாற்பத்தெட்டு எண்… எதற்குள் இருந்து வந்தது?

நஸ்ருல்லா டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். நிஷா காலண்டர் தாளைப் பார்த்து எண்களைச் சொன்னாள். அவர் அடித்தார். நாற்பத்தெட்டாவது எண் விழுந்ததும் பூட்டுப் படம் திறந்துகொண்டது.

‘நிஷாவுக்கு’ என்று ஒரு ஃபோல்டர். முதல் பதிவைத் தட்டினார். ஒரு இருமல். பிறகு அந்தக் குரல்.

“நிஷா, அப்பா பேசுறேன். மணி பத்து பத்து. அம்மா உள்ள ரசம் வெக்கிறா, வாசனை வருது. உங்கம்மாவுக்கு இந்தக் கம்ப்யூட்டர் பிடிபடாது. நாளைக்கு எதையாவது அமுக்கிடுவா. அதுக்காக அவளைத் திட்டாத.”

நிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார்கள். குழலியால் அழ முடியவில்லை. அவள் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து பதிவு இருக்க வேண்டும். ஆறு இருந்தது.

நஸ்ருல்லாவும் அதைக் கவனித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆறாவதன் தேதி அன்றைய புதன்கிழமை. நேரம், பிற்பகல் 2:31. அந்த நேரத்தில் டிஸ்க் இந்த டிராயருக்குள் இருந்தது. டிராயர் பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

வேண்டாம் பாய் என்று சொல்லக் குழலி வாயைத் திறந்தாள். அதற்குள் நிஷா கை நீட்டித் தட்டிவிட்டாள்.

டிக் டிக் டிக். டிக் டிக் டிக்.

பிறகு ஒரு பெண் குரல். யார் குரல் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“கேட்டுச்சுங்க. இப்பவும் கேக்குது, அன்னிக்கும் கேட்டுச்சு. கேட்டும் நான் திரும்பல. அந்தத் தாளை நெருப்புல தள்ளுனது நான்தான். பாய் மேல பழி போட்டதும் நான்தான்.”

நிஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நஸ்ருல்லா தலையைக் குனிந்துகொண்டார். பழி சுமந்தவர் அவர், வெட்கப்பட்டுத் தலை குனிந்ததும் அவர்தான். அதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள் குழலி.

பதிவு இன்னும் முடியவில்லை. பதினோரு விநாடி எந்தச் சத்தமும் இல்லை. நிஷா தன் விரலில் இருந்த மோதிரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது விநாடியில், கம்பியில் ஒரே ஒரு தட்டு.

டிக்.